ஐந்தின் மேல் ஒரு புள்ளி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் குடியிருக்கிறாள் அருந்ததி. வயது அறுபத்துநாலு. பதினொரு வருடமாகக் கண் தெரியாது. கண் அழுத்த நோய். ஓரங்களிலிருந்து தின்னத் தொடங்கி நடுவுக்கு வந்து சேர எட்டு வருடம் எடுத்துக்கொண்டது. யன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய அளவு வெளிச்சம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கொக்குவிலில் பிறந்தவள். இருபத்தோராவது வயதில் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராகச் சேர்ந்தாள். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அகதிக் கப்பலில் ஊருக்குப் போனாள். எண்பத்தைந்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு லைன் உள்ள போர்ட். யார் கூப்பிடுகிறார் என்பது "ஹலோ"வின் முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். சிங்களமும் ஆங்கிலமும் அந்த நாற்காலியில் இருந்தபடியே காதால் படித்தவை. கண் மங்கத் தொடங்கிய பிறகும் ஐந்து வருடம் அங்கே வேலை செய்தாள். கடைசி இரண்டு வருடமும் போர்டைத் தடவித்தான் வேலை நடந்தது என்பது மேலாளருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய நாள் தொலைக்காட்சியைச் சுற்றி அமைந்தது. கண் தெரியாதவளுக்கு டீவி எதற்கு, ரேடியோ போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. ரேடியோவில் பாதி நேரம் பாட்டுப் போடுகிறார்கள் என்பது அவளுடைய பதில். அவளுக்குப் பாட்டில் அவ்வளவு பிடிப்பில்லை. மனிதர் கதைப்பதைக் கேட்கவேண்டும். பழைய டீவியின் ரிமோட்டில் ஐந்தாம் இலக்கத்தின் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்து நிற்கும். விரல் அதில் பட்டால் மற்ற இலக்கங்கள் எல்லாம் தாமாக வந்து சேரும். ஒன்றில் தமிழ்ச் செய்தி, மூன்றில் கிரிக்கெட், நாலில் சிங்கள நாடகம், ஏழில் பாராளுமன்றம். பாராளுமன்றத்தை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எந்த உறுப்பினருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது, யார் எழுதிக்கொடுத்ததை வாசிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

போன வருடம் சித்திரை மாதத்து இடியொன்றில் அந்த டீவி போய்விட்டது. திருத்த வந்தவர் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இனிச் சரிவராது" என்றார்.

அருந்ததியின் கணவர் சிவபாதசுந்தரம், அரசாங்கத்தில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். எதையும் தள்ளிப்போடத் தெரியாத மனிதர். மெல்போர்னில் இருக்கும் மகன் ஜனாவிடம் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டு, மூன்றாம் நாளே நாற்பத்துமூன்று அங்குல ஸ்மார்ட் டீவியொன்றை வீட்டுக்கு இறக்கிவிட்டார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய சத்தத்திலேயே அது பெரிய சாமான் என்று அருந்ததிக்கு விளங்கியது.

ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பாதி தேய்ந்த சவர்க்காரம் போல வழுவழுவென்று இருந்தது. நடுவில் ஒரு வளையம், சுற்றிவரப் பத்துப் பதினொரு பொத்தான்.

"இலக்கங்கள் எங்கே?" என்று கேட்டாள்.

"இதுக்கு இலக்கம் தேவையில்லை. எல்லாம் ஸ்கிரீனிலை வரும், பார்த்துத் தெரிவு செய்யிறதுதான்" என்றார் சிவபாதசுந்தரம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைக் இருக்குது. நீர் வாயாலை சொன்னாலே போட்டிடும்" என்றார்.

அருந்ததி மைக்கை அழுத்தி, "பாராளுமன்றம்" என்றாள். டெல்லிப் பாராளுமன்றத்தில் யாரோ ஹிந்தியில் பேசத் தொடங்கினார். "செய்தி" என்றாள். அதற்கு ஒரு கல்யாண வீட்டுப் பாட்டு வந்தது.

ஜனா வீடியோவில் வந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து, திரையில் உள்ளதை டீவியே வாசித்துக் காட்டும்படி செய்தான். ஒரு பெண் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் வாசித்தாள். படத்தின் பேர், அதன் வருடம், அதற்குப் பக்கத்துப் படத்தின் பேர், சவர்க்காரத்தூள் விளம்பரம், இருபத்தாறில் நாலாவது, இருபத்தாறில் ஐந்தாவது. அருந்ததி பொறுமையாக வளையத்தை அழுத்தி அழுத்திப் போவாள். சாதாரண சேனல்கள் வரும் அன்ரெனாப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் செய்தி முடிந்து வானிலை வந்துவிடும். ஒருவாறு திரையில் எந்தப் பெட்டி எத்தனையாவது என்று அவள் பாடமாக்கி முடித்த கிழமை, டீவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தது. அந்தப் பெண்ணின் குரலை சிவபாதசுந்தரத்தால் சகிக்க முடியவில்லை. அவர் பார்க்கும்போது அதை நிறுத்துவார்; பிறகு திரும்பப் போட மறந்துவிடுவார்.

"நான் வீட்டிலைதானே இருக்கிறன், அருந்ததி. உமக்கு என்ன வேணுமோ சொல்லும், போட்டு விடுறன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அப்படியே சில மாதம் நடந்தது. அவள் கேட்பாள், அவர் போட்டுவிடுவார். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தால் "ஒரு நிமிசம்" என்பார். குளித்துக்கொண்டிருந்தால் வரும்வரை அவள் காத்திருப்பாள். நாடகம் அலுத்துப்போய் வேறு மாற்றச் சொல்ல நினைத்தால், ஐந்து நிமிடத்துக்கு முன்தான் கேட்டோம் என்று யோசித்து விட்டுவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக, அவர் போட்டுவிட்டதையே கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் சிவபாதசுந்தரம் களுபோவில ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போனார். போகும்போது அவளுக்காக சிங்கள நாடகமொன்றின் பழைய பகுதிகளை யூடியூபில் வரிசையாகப் போட்டுவிட்டு, "மத்தியானம் வரைக்கும் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணித்தியாலம் ஓடியது. கதாநாயகியின் மாமியார் ஒரு கடிதத்தை வாசிக்கத் தொடங்கிய இடத்தில் சத்தம் நின்றது.

கரண்ட் போய்விட்டதாக்கும் என்று அருந்ததி நினைத்தாள். ஆனால் ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து வளையத்தை அழுத்தினாள். மேலே, கீழே, பக்கத்தில். எதையோ பிழையாக அழுத்தியிருக்கவேண்டும். வேறொரு சங்கீதம் கிளம்பி அதுவும் அடங்கியது. அதற்கு மேல் அழுத்தப் பயமாக இருந்தது. நாற்காலியில் இருந்தாள். கீழே மீன்காரன் வந்து போனான். மாத்தறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று போனது, பிறகு இன்னொன்று. சிவபாதசுந்தரம் கதவைத் திறந்தபோது மணி இரண்டரை.

"இதென்ன, சும்மா இருக்கிறீர்?"

"அது நிண்டிட்டுது. என்ன நடந்ததெண்டு பாருங்கோ."

அவர் திரையைப் பார்த்தார். "இப்ப வேறை எங்கேயோ போய் நிக்குது. முதல் நிண்டதுக்குக் காரணம், கனநேரம் ஒருத்தரும் ரிமோட்டைத் தொடேல்லை எண்டா கேக்கும், இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறீங்களா எண்டு. ஓம் எண்டு அழுத்தினாத்தான் மேலே ஓடும்."

"வாயாலை கேட்டதோ?"

"இல்லை. எழுத்திலை."

அருந்ததி எழுந்து குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். 

மறுநாள் காலை அவர் சந்தைக்குப் போன பிறகு அவள் ரிப்கானுக்குப் போன் எடுத்தாள். ரிப்கான் ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அவளை ஏழெட்டு வருடமாகக் கூட்டிப் போய் வருகிறான்.

"எங்க அன்ட்டி, கண் ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை. டீவிக் கடைக்கு. ஸ்மார்ட் இல்லாத டீவி ஒண்டு வேணும்."

"புதுசு ஒண்டு வந்தது தானே?"

"அது அவருக்கு."

காலி வீதியில் முதல் கடை. ஏசிக் குளிரும் புது ப்ளாஸ்டிக் மணமும் வாசலிலேயே வந்து மோதின. விற்பனைக்காரப் பொடியன் ரிப்கானிடம் சிங்களத்தில், அம்மாவுக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று கேட்டான். அருந்ததி சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: அங்குலத்தில் தனக்கு அக்கறை இல்லை, ஸ்மார்ட் வேண்டாம், ரிமோட்டை மட்டும் கையில் தரவேண்டும்.

"தென் ஒக்கோம ஸ்மார்ட் தமா, மிஸ்" என்றான் அவன். இப்போது எல்லாமே ஸ்மார்ட்தானாம். சாதாரணமானது கொம்பனி அனுப்புவதே இல்லையாம். ஆனாலும் நல்ல பிள்ளை. ஒவ்வொரு டீவியின் ரிமோட்டாகக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். எட்டு ரிமோட் பார்த்தாள். எட்டும் சவர்க்காரம்.

அடுத்த இரண்டு கடையிலும் அதே கதை. பம்பலப்பிட்டியில் நாலாவது கடையில் இருபத்துநாலு அங்குலத்தில் சாதாரண டீவி ஒன்று இருந்தது. ரிமோட்டில் இலக்கங்களும் இருந்தன. அருந்ததி கடைக்காரரிடம், "பிளக்கைக் கழட்டிப்போட்டுத் திரும்பக் குடுங்கோ" என்றாள். வெள்ளவத்தையில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. கடைக்காரர் கழற்றி மாட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள். சத்தம் இல்லை.

"இப்ப என்ன செய்யுது?"

"என்ன பாஷை வேணும் எண்டு கேக்குது, மிஸ். ஒருக்காத் தெரிவு செஞ்சாச் சரி."

"ஒவ்வொரு தரமும் கேக்குமோ?"

கடைக்காரர் இன்னொரு தரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். "கேக்குது" என்று ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியபின் ரிப்கான் எஞ்சினைப் போடாமல் அவள் பக்கம் திரும்பினான். "அன்ட்டி, கொட்டாஞ்சேனைல ஹியூபேட் எண்டு ஒரு மனிசன் ஈக்கிறாரு. ஹோட்டல்கள்ல ரூம் திருத்தக்குள்ள கழட்டுற டீவியெல்லாம் மொத்தமா எடுத்து விப்பாரு. பழசு. போய்ப் பாப்பமா?"

"இலக்கம் இருக்குமோ?"

"அது தெரியாது. ஆனா ஸ்மார்ட் ஈக்காது."

கொட்டாஞ்சேனையில் சன நெரிசலான ஒரு சந்தில், ஹியூபேட்டின் வீட்டு முன்னறையே கடை. டீவிகளைச் செங்கல் போல அடுக்கி வைத்திருந்தார். அருந்ததியின் கை நீட்டிய இடமெல்லாம் தூசு படிந்த கண்ணாடி. ஹியூபேட்டுக்கு அறுபது வயதிருக்கும், கரகரத்த குரல். இவளைப் பார்த்ததும் ரிப்கானிடம் கதைக்கவில்லை. நேராக இவளிடமே, "இந்தக் கதிரைல உக்காருங்க மிஸ், வலது பக்கம் வயர் கெடக்கு" என்றார். அருந்ததிக்கு அது பிடித்தது.

முப்பத்திரண்டு அங்குல டீவியொன்றை மேசையில் ஏற்றிப் பிளக் குத்தி, ரிமோட்டைக் கையில் தந்தார். நீளமான, கனமான ரிமோட். அவள் கட்டைவிரல் கீழிருந்து மேலே ஏறி, இரண்டாம் வரிசையின் நடுவில் நின்றது. புள்ளி இருந்தது.

"மிஸ், உண்மையச் சொல்லிடறேன்" என்றார் ஹியூபேட். "இந்த செட்ல ஒரு வில்லங்கம் இருக்கு. மூணு பேருக்கு வித்து மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஹோட்டல் லொக் போட்டிருக்கு. நீங்க எந்த சேனல்ல விட்டு ஓஃப் பண்ணினாலும், திரும்ப ஓன் பண்ணினா ஒண்ணாம் நம்பருக்குத்தான் வரும். சத்தமும் அப்படித்தான். பதினெட்டுல வந்து நிக்கும். முந்தின கெஸ்ட் என்ன கூத்துப் பண்ணிட்டுப் போனாலும் அடுத்த ஆளுக்கு மொதல்லேர்ந்து இருக்கணும் இல்லையா, அதுக்காக."

அருந்ததி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்பவும் ஒண்டுக்குத்தான் வருமோ?"

"எப்பவும்."

"பிளக்கைக் கழட்டினாலும்?"

"கழட்டினாலும் அதே கததான். ஆனா இப்ப எனக்கு அந்த லொக்க உடைக்கிற கோட் கெடச்சிருச்சு. அஞ்சு நிமிசத்தில எடுத்துத் தாறேன்."

"பொறுங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ."

அவள் டீவியைப் போட்டாள். ஒன்றாம் சேனலில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதுக்கு மாற்றினாள், சத்தத்தைக் கூட்டினாள், அணைத்தாள், போட்டாள். மறுபடி சமையல், அதே சத்தத்தில். நாலுக்குப் போய் அணைத்துப் போட்டாள். பிளக்கைக் கழற்றச் சொன்னாள். எல்லாமாக ஏழு தரம். ஏழு தரமும் சமையற்காரி அதே இடத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ரிப்கான் பக்கத்தில் வந்து, "கரண்டி இல்லாத சாமான் அன்ட்டி" என்று முணுமுணுத்தான். கரண்டி என்று அவன் சொன்னது உத்தரவாதத்தை. அருந்ததி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"லொக்கை எடுக்கவேண்டாம்" என்றாள் ஹியூபேட்டிடம். "அது அப்பிடியே இருக்கட்டும். சேனல்களை மட்டும் நான் சொல்லுற ஒழுங்கிலை வையுங்கோ. ஒண்டிலை தமிழ்ச் செய்தி போடுறது..."

பழைய டீவியின் ஒழுங்கை அவள் சொல்லச் சொல்ல ஹியூபேட் வைத்துக்கொண்டு வந்தார். ஏழாவதாகப் பாராளுமன்றம் என்றபோது அவருடைய கை நின்றிருக்கவேண்டும். "அத யாரு மிஸ் பாப்பாங்க?" என்று கேட்டார்.

"நான் கேப்பன்" என்றாள் அருந்ததி.

ரிப்கான் டீவியைத் தோளில் வைத்து நாலு மாடியும் ஏறினான். கதவைத் திறந்த சிவபாதசுந்தரம் வழிவிடாமல் நின்றார்.

"இதென்ன?"

"டீவி."

"வீட்டிலை டீவி இருக்குதே."

"அது உங்கட."

அவர் சாமானைச் சுற்றிப் பார்த்திருக்கவேண்டும். "இது ஹோட்டல்காரர் கழிச்சது. பின்னாலை ரூம் நம்பர்கூட ஒட்டிக் கிடக்கு. என்னட்டைச் சொல்லியிருந்தா நான் நல்லது ஒண்டு பாத்து வாங்கித் தந்திருப்பன்."

"நாலு கடை ஏறி இறங்கிப் பாத்திட்டுத்தான் வாறன். புதுசு ஒண்டும் எனக்குத் தோதில்லை."

"உமக்கு நான் என்ன குறை வைச்சன்? கேட்ட நேரமெல்லாம் போட்டுத் தந்தனான்தானே?"

"ஓம், தந்தனீங்கள்" என்றாள் அருந்ததி. "நான் முப்பது வருசம் ஆக்கள் கேக்க லைன் குடுத்தனான். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை."

ஜனாவின் பழைய அறையில் டீவி ஏறியது. அன்ரெனா வயரை விறாந்தையிலிருந்து இரண்டாகப் பிரித்துக் கொண்டுவந்தவன் ரிப்கான். சிவபாதசுந்தரம் கூடத்தில் பத்திரிகையோடு இருந்தார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அப்பால் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சுத்தியல் சத்தம் கேட்டது. வாசற்படியில் குறுக்கே கிடந்த வயரை அவர் சுவரோரமாக ஆணியடித்துக்கொண்டிருந்தார். "தடக்கி விழுந்தா ஆர் பாக்கிறது?" என்றார், அவள் கேட்காமலே.

அதன் பிறகு வீட்டில் இரண்டு டீவி ஓடின. அவர் கூடத்தில் பெரிய திரையில் தன்பாட்டில் பழைய வழக்குகளையும் வெளிநாட்டுக் கட்டிடங்களையும் பார்ப்பார். அவள் அறையில் தன் சேனல்களை மாற்றி மாற்றிக் கேட்பாள். தேவையில்லாமலே மாற்றுவாள். நாடகத்திலிருந்து செய்திக்கும் செய்தியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போய், பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். அந்த டீவியின் படம் ஓரத்தில் நீலம் பாய்ந்திருப்பதாக ஒருமுறை சிவபாதசுந்தரம் சொன்னார். "அப்பிடியோ?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதத்தில் கிரிக்கெட் வந்தபோதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இருவரும் ஒரே ஆட்டத்தை வைத்திருந்தார்கள்; அவர் கூடத்தில் இன்டர்நெட் வழியாக, அவள் அறையில் அன்ரெனா வழியாக. பத்தாவது ஓவரில் அருந்ததி தன்னையறியாமல், "ஐயோ, போச்சு!" என்று கத்தினாள்.

"என்ன போச்சு?" என்று பதறிக்கொண்டு வந்தார் சிவபாதசுந்தரம். விழுந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்.

"விக்கெட். போல்ட்."

"விசர்க்கதை. அவன் இன்னும் ஓடியே வரேல்லை" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். போய் நின்ற சற்று நேரத்தில் அங்கேயும் ஸ்டம்ப் விழுந்தது.

இன்டர்நெட்டில் வருவது முக்கால் நிமிடம் பிந்தித்தான் வரும் என்று ஜனா போனில் விளக்கினான். சிவபாதசுந்தரத்துக்கு அது பெரிய மனத்தாங்கல். அருந்ததியைக் கத்தாமல் கேட்கச் சொன்னார். அவளும் வாயை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவள் மூச்சை இழுக்கும் சத்தத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கதவைச் சாத்திப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தின்போது கடைசி ஓவர்களுக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். "படம் கூடாது, ஒரே நீலம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். களத்தில் யார் எங்கே நிற்கிறார், கப்டன் முகத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று இடையிடையே சொன்னார். அருந்ததி சிலதைக் கேட்டாள். சிலதுக்கு, "பொறுங்கோ, அவன் சொல்லுறதைக் கேக்க விடுங்கோ" என்றாள்.

மாசியில் ஒரு பகல் ஆட்டம் கடைசிப் பந்துவரை போனது. வெல்ல நாலு ஓட்டம் வேண்டும். அடித்த பந்து எல்லைக்குப் போகும் என்று வர்ணனையாளர் குரலை உயர்த்தினார். உயர்ந்த குரல் அப்படியே விழுந்தது. பிடித்துவிட்டார்கள். சிவபாதசுந்தரம் நாக்கைச் சப்புக்கொட்டி எழுந்தார்.

"சரி, தேத்தண்ணி போடுவம்" என்றார்.

அவருடைய செருப்புச் சத்தம் குசினிக்குப் போய், திரும்பி வந்து கூடத்து வாசலில் நின்றது. அங்கே பெரிய டீவி அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்தக் கடைசிப் பந்துக்குப் பந்துவீச்சாளன் இப்போதுதான் ஓடி வரத் தொடங்கியிருந்தான். சனம் எழுந்து நின்று கூவியது. கையில் கேத்தலோடு அவர் அங்கேயே நின்று அந்தப் பந்தை இன்னொரு தரம் பார்த்தார். அருந்ததி தன் டீவியை அணைத்துவிட்டு, எழுந்து கப்புகளை எடுக்கப் போனாள்.